மேல்மலைக்கு ரொட்டி, கீழ்மலைக்கு மரவள்ளி

அப்பா பால் வெட்டும் ரப்பர் மரங்களில் பட்டை அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கிறது என்று கணக்கப்பிள்ளை கண்டுபிடித்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். பொங்கலுக்கு வந்திருந்தேன். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்ப்பது என் வேலை. எழுபத்து நான்காம் ஆண்டுப் பொங்கல் அது. பச்சரிசி கிடைக்காமல், கூப்பன் அரிசியில் ஒரு கைப்பிடி போட்டு அம்மா பொங்கி முடித்திருந்தாள்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. முழுக்க ரப்பர். பால் வெட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பகுதி மரங்கள் உண்டு. இன்று ஒரு பகுதி, நாளை மற்றது. வெட்டிய மரம் மறுநாள் ஓய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். அப்பாவின் இரண்டு பகுதிகளும் தோட்டத்தின் கடைசியில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஒன்றை மேல்மலை என்றும் மற்றதைக் கீழ்மலை என்றும் சொல்வோம். கீழ்மலையின் எல்லைக் கம்பிக்கு அப்பால் சிங்களக் கிராமம். அந்தப் பக்கத்தில் அப்பாவைத் தவிர வேறு யாரும் வெட்டவில்லை.

கத்தி ஒவ்வொரு முறையும் மெல்லிய இழை ஒன்றைச் சீவி எடுக்கும். ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை தேயலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. மாதம் ஒருநாள் மரத்தில் ஒரு குறி வைப்பார்கள், அடுத்த மாதம் அதே நாளில் குச்சியால் அளப்பார்கள். கீழ்மலையில் ஒரு மாதத்தில் இரண்டு மாதத்துப் பட்டை போயிருந்தது.

கணக்கப்பிள்ளை அளவுக்குச்சியைக் கையில் பிடித்தபடியே எங்கள் லயத்து வரிசைவீட்டுக்கு வந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கீழ்மலைய தெனம் வெட்டுற மாதிரியில்ல இருக்கு. ஸ்டோருக்கு வந்தது எப்பவும் வர்ற பால்தான். மிச்சம் எந்தக் கடைக்குப் போச்சு?"

"என் கத்தியில பட்ட தேயாதுங்க. வந்து பாருங்க."

"பாத்துட்டுத்தான் வாறேன்."

"அப்ப இன்னொருக்கா பாருங்க. ஒங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு போல."

பக்கத்து அறைகளில் குடியிருந்த காம்பராக்காரர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. தோட்டத்துப் பாலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விற்பது புதிய குற்றமல்ல. போன வருடம் மரத்தில் காய்ந்து உறையும் ஒட்டுப்பாலை விற்று ஒருவர் பிடிபட்டிருந்தார். "வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க. தொர விசாரிப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. அடுப்பில் கிடந்த மரவள்ளியை ஒரு குச்சியால் குத்தி, வெந்துவிட்டதா என்று பார்த்தாள்.

வந்த நாளிலிருந்து சில விஷயங்களைக் கவனித்திருந்தேன். அப்பாவின் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் விழுந்திருந்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தூக்கும்போது வாளியை இரண்டு முறை கீழே வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது கை முதலில் எதையாவது தேடியது. இவற்றுக்கு வயது காரணம் என்று எண்ணிக்கொண்டேன். அவருடைய வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. தோட்டத்துச் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் இருக்கும் என்பது அவருடைய பல்லைப் பார்த்தாலே தெரியும். கொழும்பிலிருந்து எந்த பஸ்ஸில் வந்தாய் என்று அவர் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு மட்டும் நான் காரணம் தேடவில்லை. அப்பாக்கள் கேட்பார்கள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். "ஒன் சப்பாத்து நாறிப்போயிரும்" என்றார் அப்பா. தடுக்கவில்லை. அம்மா துணியில் கட்டிய பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

ஓடையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே ஒரு கல். அப்பா அதில் உட்கார்ந்து பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே அவித்த மரவள்ளி, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல். அவர் ஒரு துண்டைக்கூட எடுத்துத் தின்னவில்லை. பார்த்தார், மறுபடி கட்டினார், எழுந்து கீழ்மலைப் பாதையில் நடந்தார்.

மரத்துக்கு முன்னால் நின்றதும் அவர் வேறு ஆளாக இருந்தார். முந்தின வெட்டில் காய்ந்து நூலாகக் கிடந்த பாலை நகத்தால் உரித்தெடுத்தார். கத்தி பட்டையில் இறங்கி, மரத்தைச் சுற்றி ஒரே அளவில் சரிந்து வந்தது. உள்மரத்தைத் தொடவில்லை. பால் கோடாக எழுந்து, ஓடி, தேங்காய்ச் சிரட்டையில் சொட்டியது. கை நடுங்கவில்லை. தேடவும் இல்லை. அடுத்த மரத்துக்கு நடக்கும்போதுதான் கால் தயங்கியது.

பின்னாளில் பத்திரிகையில் அறிவியல் பக்கத்தைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூப்பு பற்றி மருத்துவர்கள் எழுதியதை அச்சுக்கு முன் நான்தான் படித்தேன். நேற்று நடந்ததைப் பிடித்துவைக்கும் இடமும் வெகுநாள் பழகிய கைவேலையைப் பிடித்துவைக்கும் இடமும் மூளையில் ஒன்றல்ல என்று அதில் தெரிந்துகொண்டேன். முதலாவது இடிந்துவிழும்போது இரண்டாவது நெடுநாள் நிற்கலாம். அந்தக் காலையில் எனக்கு அது தெரியாது. அப்பா நன்றாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால் பயம் அதிகமாயிற்று, ஏனென்றால் அப்படியானால் அவர் திருடுகிறார் என்று ஆகிறது.

அவர் சிரட்டைகளில் பால் சேரக் காத்திருந்த நேரத்தில் நான் மேல்மலைக்கு ஏறினேன். அங்கே சிரட்டைகளில் உதிர்ந்த இலை கிடந்தது. ஒரு சிரட்டையிலிருந்து மரத்துக்குச் சிலந்தி நூல் கட்டியிருந்தது. வெட்டுக்கோடுகள் கறுத்துக் காய்ந்திருந்தன. மாதக் குறியிலிருந்து பட்டை மிகக் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. கீழே கூடுதலாகத் தேய்ந்தது இங்கே மிச்சமாக நின்றது. யாரும் எதையும் விற்கவில்லை. அப்பா தினமும் ஒரே மலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் பாலை நிறுத்துக் கொடுக்க ஸ்டோருக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். அவள் முதலில் என்னைத் திட்டினாள்.

"எதுக்கு மேல்மலைக்குப் போன? ஒன்னைய யாரு போகச் சொன்னா?"

பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அரசாங்கம் எடுத்துவிட்டு, நிலாவைப் பார்த்துக் குறிக்கும் பௌத்தப் போயா நாளை விடுமுறையாக்கிய வருடங்கள் இருந்தன. அறுபத்தாறிலிருந்து எழுபத்தொன்று வரை. நிலாவோடு விடுமுறையும் நகர்ந்தது. ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் புதன். நாடே கிழமை தெரியாமல் தடுமாறியது. கொழும்பில் எங்கள் பத்திரிகைக்கும் வாசகர்கள் வந்து இன்று வேலை நாளா என்று கேட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மலை மாற்ற வேண்டிய பால்வெட்டுக்காரர்களுக்கு, நடுவில் ஒரு விடுமுறையும் இரண்டு மழையும் வந்தால் எந்த மலையில் விட்டோம் என்பது மறந்துவிடும். லயத்தில் ஒவ்வொருவரும் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். அப்பாவின் உபாயம் சாப்பாடு. "மேல்மலைக்கு ரொட்டி கட்டு, கீழ்மலைக்கு மரவள்ளி கட்டு. கல்லுல ஒக்காந்து பாத்தா தெரிஞ்சிரும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்போது அது ஒரு வேடிக்கை. அவருடைய கெட்டிக்காரத்தனத்தை லயமே பேசியது.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தது. மற்றவர்கள் உபாயங்களை விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. அம்மா ஒருநாள் சோம்பலில் மாற்றிக் கட்டியபோது அவர் தவறான மலைக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. அவருக்குப் பதிலாக நாள்களை அவள் வைத்துக்கொண்டாள்.

"இப்ப ரொட்டிக்கு மா இல்லையேப்பா. கூப்பனுக்கு வர்ற மா எத்தன நாளைக்கு வரும்? சங்கத்துக் கடையில வரிசையில நின்னுட்டு வெறுங்கையோட வாறேன். மரவள்ளிதான் இருக்கு. தெனம் மரவள்ளி, தெனம் கீழ்மலை."

"வேற அடையாளம் வைக்கலாமே. ஒரு இலை, ஒரு நூலு."

"வச்சேன். பலா எல வச்சேன். தூக்கிப் போட்டுட்டாரு. செவப்புத் துணியில கட்டுனேன். துணி நல்லாருக்குங்கிறாரு. வாயால சொன்னா, 'எனக்குத் தெரியாதா, நீயா எனக்குக் கங்காணி'ங்கிறாரு. ஓடை வரைக்கும்கூட நெனவு நிக்கல. பழசு எல்லாம் இருக்கு, புதுசா எதையும் உள்ள போட முடியல."

நான் ஒரு பத்திரிகைக்காரனுக்குத் தோன்றக்கூடியதைச் சொன்னேன். மேல்மலையையும் அளக்கச் சொல்லிக் கேட்போம். ஒன்றின் மிச்சம் மற்றதில் இருக்கிறது. பார்த்தால் யாருக்கும் விளங்கும். அப்பா கள்ளர் இல்லை என்று ஆகிவிடும்.

அம்மா என் வாயைப் பொத்துகிறவள் போல அருகில் வந்தாள்.

"அளந்தா என்னா தெரியும்? இந்தாளுக்கு நாளு தெரியல, புத்தி போச்சுன்னு தெரியும். கள்ளன்னா பத்து நாளு வேலைய நிப்பாட்டுவாங்க. போன வருசம் வித்தவன் இன்னைக்கும் வேலைக்குப் பெரட்டுல நிக்கிறான்ல? புத்தி போச்சுன்னா பேர வெட்டிருவாங்க. என் பேரும் இல்ல, ஒன் பேரும் இல்ல. அவரு பேருலதான் இந்தக் காம்பரா நிக்கிது. அவரக் கொண்டுபோயி பைத்தியக்கார ஆஸ்பத்திரில போடுவாங்க. நான் எங்க போவேன்?"

"என்கூட கொழும்புக்கு வாங்க."

"ஒங்கூட அந்த ரூம்புல இன்னும் மூணு பேரு இருக்காங்கன்னு நீதான் சொன்ன."

அது உண்மை. முழங்கால் வீங்கி வேலையை விட்டவள் அவள். செக்ரோலில் அப்பாவின் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அறுபது ஆகும்வரை அது அங்கே நின்றால் சேவைப் பணம் வரும், அதை வைத்து எங்காவது ஒதுங்கலாம். வாசலில் நின்று பார்த்தால் ஒரே கூரையின் கீழ் ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாகத் தெரிந்தன. எங்கள் கதவை மட்டும் அப்பா இன்னும் தவறவிடவில்லை. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மாவின் முடிவு தெளிவாக இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமை ஆபீசில், "நாந்தான் வித்தேன், மன்னிச்சிருங்க" என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா அதைப் புதிதாகக் கேட்டார், புதிதாகக் கொதித்தார்.

"நான் வித்தேனா? யாருடி சொன்னது? கூப்புடு அவன!"

"யாரும் சொல்லலீங்க. சும்மா சொல்லுங்க. வித்தேன், மன்னிச்சிருங்கன்னு."

"எதுக்குச் சொல்லணும்? என் அப்பன் காலத்துலயிருந்து ஒரு சொட்டுப் பால வெளிய குடுத்ததில்ல."

"தெரியுங்க."

"தெரிஞ்சுக்கிட்டு நீயே கேக்குறியே!"

சற்று நேரத்தில் அவர் அமைதியாகி, தம்பி எந்த பஸ்ஸில் வந்தாய் என்று என்னைக் கேட்பார். அம்மா மறுபடி தொடங்குவாள். கொடுத்த அவமானம் அவரிடம் தங்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஒரே அடியை ஒவ்வொரு முறையும் முதல் அடியாக வாங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் ஆபீசுக்குப் போனோம். தோட்டத்தை நிர்வகித்த துரை சிங்களவர், இளவயதுக்காரர், தோட்டத்துத் தமிழ் சுமாராகப் பேசுவார். மேசைக்குப் பக்கத்தில் கிளாக்கர் உட்கார்ந்திருந்தார், கணக்கப்பிள்ளை நின்றார். நாங்களும் நின்றோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று வழியில் இரண்டு தரம் கேட்டார். பொங்கலுக்குத் துரையைப் பார்க்க என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"என்னா தாத்தா," என்றார் துரை. "வயசு போன காலத்துல கள்ள வேலையா?"

அப்பா சிரித்தார். துரை நலம் விசாரிக்கிறார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நல்லாருக்கேங்க தொர."

கணக்கப்பிள்ளை குறுக்கிட்டார். "நேத்து எந்த மலை வெட்டுனீங்கன்னு சொல்லுங்க பெரியவரே. மேல்மலையா, கீழ்மலையா?"

எளிமையான கேள்வி. அம்மா சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. அப்பா துரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கவலையோடு கேட்டார்:

"நேத்து எனக்கு என்னா கட்டிக் குடுத்த?"

முதலில் சிரித்தவர் கிளாக்கர். பிறகு துரை மேசையில் தட்டிச் சிரித்தார். மனைவியைச் சாக்கு வைத்து நழுவப் பார்க்கிறார் கிழவர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"கள்ளு உள்ள போனா இப்பிடித்தாங்க தொர, என்னா பேசுறோம்னு தெரியாது. கள்ளுக்காகத்தான் பால வித்துட்டாரு. நான் கும்புட்டுக் கேக்குறேன், இந்த ஒருவாட்டி மன்னிச்சிருங்க. இனிமே நான் கூடவே போயி பாத்துக்கிறேன்."

அப்பா வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. அவர் கோபப்படுவார், எல்லாம் உடைந்துவிடும் என்று நான் பயந்தேன். அவர் கோபப்படவில்லை. துரையின் மேசையில் காகிதங்கள் மேல் வைத்திருந்த கண்ணாடிப் பாரத்தை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பூ இருந்தது.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார் துரை. பத்து நாள் வேலை நிறுத்தம், இன்னொரு முறை நடந்தால் தோட்டத்தை விட்டே அனுப்புவது. செக்ரோலில் பெயர் நிற்கும்.

வெளியே வந்ததும் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவளுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிவரப் போனார். அப்போது கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, ரப்பர் மரங்கள் இருந்த திசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நேத்து மேல்மலையையும் அளந்தேன் தம்பி."

நான் ஆபீஸ் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாசா மாசம் அளப்பேன். அது என் வேல. ரெண்டு மலையும் சரியா இருக்கணும். சரியா இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. அவர் கொடுத்தது ஒரு மாதத் தவணை. ஒவ்வொரு மாதமும் அது புதிதாகத் தொடங்கும்.

கொழும்பில் பட்டை அளக்கும் நாள் நெருங்கினால் எனக்குத் தூக்கம் குறைந்தது. அச்சுத்தாளில் கிழமையும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பார்த்ததையே திரும்பப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்தார்கள். தோட்டத்திலிருந்து கெட்ட செய்தி எதுவும் வரவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குத்தான் மறுபடி போக முடிந்தது. அப்பா இன்னும் மெலிந்திருந்தார். காலைகளில் அம்மாவும் கிளம்பினாள். ஒரு கையில் தடி, மறு கையில் வாளி. வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அவளைக் கேலி செய்தார்கள். "கள்ளனுக்குப் பொண்டாட்டியே காவலுக்கு வாச்சரா?" என்று ஒருத்தி கத்தினாள். "ஆமாடி, ஒனக்கும் புருசன் இருந்தா நீயும் வா" என்று அம்மா பதில் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்வரை சந்தேகம் இல்லை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு மேல்மலை. அம்மா முன்னால் நடந்ததால் கல்லில் உட்கார வேண்டியிருக்கவில்லை. நான் பின்னால் போய் மரங்களைப் பார்த்தேன். மாதக் குறிகளுக்குக் கீழே பட்டை சரியான அளவில் இறங்கியிருந்தது. பாதையோரத்து மரங்களில் அப்பாவின் வெட்டு, ஒரே சரிவில், ஒரே ஆழத்தில். மேலே ஏறினால் மேட்டு மரங்களில் வேறு வெட்டு. சில இடத்தில் மேலோடு நழுவியிருந்தது, சில இடத்தில் உள்மரம்வரை இறங்கிக் காயம் புடைத்திருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவள் விரல்களில் புதிய கீறல்கள் இருந்தன.

"மேட்டுக்கு அவரால ஏற முடியலப்பா," என்றாள் தாழ்ந்த குரலில். "மூச்சு வாங்குது. கால் நிக்கல. வெட்டாம விட்டா அளவு கொறையும்."

"காயத்தப் பாத்தா கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதா?"

"கேட்டா கை நடுங்குதுன்னு சொல்லிக்கிறேன். கை நடுங்குனா ஸ்டோரு கூட்டப் போடுவாங்க, புல்லு வெட்டப் போடுவாங்க. பேர வெட்ட மாட்டாங்க."

அப்பா எங்களைத் தேடிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். பாதி வழியில் நின்று ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்பியதும் கைக்கு அருகில் இருந்த வெட்டைப் பார்த்தார். விரலால் காயத்தைத் தடவினார். முகம் சிவந்தது.

"இது யாருடி வெட்டுனது? மரத்தக் கொன்னுட்டாங்க. பாரு, உள்ள வரைக்கும் எறக்கியிருக்கு. கத்தி புடிக்கத் தெரியாத ஆள என் மலையில யாரு விட்டது?"

"தெரியலீங்க. புதுசா வந்த எவளோ."

"கணக்கப்பிள்ளைட்ட சொல்லணும். இப்பவே சொல்லணும்."

அவர் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கினார். கால் வழுக்கியது. அம்மா தடியைப் போட்டுவிட்டு அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"சொல்லுவோங்க. நாளைக்குப் பெரட்டுல சொல்லுவோம்."

"மறந்துறாத."

"மறக்க மாட்டேங்க," என்றாள் அம்மா. அவரைப் பாதையோரத்து மரத்தடிக்கு நடத்திக் கூட்டிப்போய், கத்தியை அவர் கையில் வைத்தாள்.